பந்து வடிவ பீஸை சிஎம்எம்ல அளக்கப் போறீங்களா? எந்த ஃபிட் போடணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க

ஒரு பால் பின் (முனையில பந்து உள்ள பின்) லாட் என்னை 9 நாள் தூங்க விடல. 25 மிமீ பந்து, டாலரன்ஸ் மேல 25.000, கீழ 24.990. சிஎம்எம்ல (பீஸைத் தொட்டுத் தொட்டு பாயிண்ட் எடுத்து அளக்கிற மெஷின்) போட்டேன், 24.998 வந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு மைக்ரோமீட்டர் எடுத்து பந்தை சுத்திச் சுத்தி ஏழெட்டு இடத்துல பிடிச்சுப் பார்த்தேன், அங்கயும் 24.998. ரெண்டும் ஒரே பேச்சு பேசுது, இதுக்கு மேல என்ன வேணும்னு ஓகே போட்டு அனுப்பியாச்சு. வாங்கினவங்க 25.004ன்னு ரிப்போர்ட் போட்டு மொத்த லாட்டையும் திருப்பிட்டாங்க.

அவங்க மெஷின் தான் கெட்டுப் போயிருக்குன்னு சத்தியம் பண்ணாத குறை. அப்புறம் அவங்க எடுத்த பாயிண்ட் ஃபைலை வாங்கி என் சாஃப்ட்வேர்ல போட்டா எனக்கும் அதே 24.998 வருது, ஃபிட்டை, அதாவது பாயிண்டுகளுக்குக் கோளம் பொருத்துற கணக்கு முறையை, மட்டும் மாத்தினா 25.004 வருது. ரெண்டு மெஷினும் சரி, ரெண்டு ஆளும் சரி. நான் சாஃப்ட்வேர் குடுத்த டிஃபால்ட்டை அப்படியே விட்டுட்டேன், அவங்க டிராயிங் கேட்டதைப் போட்டாங்க, அவ்வளவு தான் விஷயம். அந்த 9 நாள்ல லாட் போக வர ஆன செலவு, 100 சதவீதம் மறுபடி அளந்த மெஷின் நேரம், ரீவொர்க் எல்லாம் சேர்த்துப் பார்த்தா, ஆரம்பத்துல டிராயிங்கை ஒரு அரை மணி நேரம் ஒழுங்கா படிச்சிருக்கலாம்னு தோணுச்சு. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க இதே குழியில விழ வேணாம்னு தான் இதை எழுதறேன்.

1. மெஷின் பக்கம் போறதுக்கு முன்னாடி டிராயிங்கை படிங்க

முதல்ல டைட்டில் பிளாக்கைப் (டிராயிங் மூலையில இருக்கிற விவரக் கட்டம்) பாருங்க, ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டா, அமெரிக்க ஏஎஸ்எம்இ ஸ்டாண்டர்டா. இது சும்மா ஃபார்மாலிட்டி கிடையாது, ஒரே "25.000 / 24.990"க்கு ரெண்டுலயும் அர்த்தம் வேற.

ஐஎஸ்ஓ டிராயிங்ல விட்டத்துக்குப் பக்கத்துல எந்தக் குறியும் இல்லன்னா, ஐஎஸ்ஓ 14405-1 படி அது எதிரெதிர் ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள அளவு, அதாவது மைக்ரோமீட்டர் பிடிக்கிற அளவு. சிஎம்எம் போடற லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (எல்லா பாயிண்டுக்கும் சராசரியா நடுவுல போற கோளம்) விட்டம் கூட டிஃபால்ட் கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியாது. வேற ஏதாவது வேணும்னா டிசைன் பண்ணவர் குறி போடணும். ஜிஜி போட்டிருந்தா லீஸ்ட் ஸ்கொயர்ஸ், ஜிஎன் போட்டிருந்தா வெளிய இருந்து சுத்தி அடைக்கிற மிகச் சின்ன கோளம், ஜிஎக்ஸ்னா உள்ள அடங்குற மிகப் பெரிய கோளம், ஜிசின்னா மினிமேக்ஸ், அதாவது பாயிண்ட் விலகல்ல பெருசா இருக்கிறதை முடிஞ்ச வரைக்கும் சின்னதாக்குற கோளம். வட்டத்துக்குள்ள ஈ (ஆங்கில எழுத்து) போட்டிருந்தா அது என்வலப். வெளிப்பக்க பந்துக்கு மேல் எல்லையை சுத்தி அடைக்கிற கோளத்தை வச்சுப் பார்க்கணும், கீழ் எல்லையை ரெண்டு புள்ளி அளவை வச்சுப் பார்க்கணும். ஒரே டாலரன்ஸோட ரெண்டு முனைக்கு ரெண்டு கணக்கு!

ஏஎஸ்எம்இ ஒய்14.5னா ரூல் 1 தானாவே வந்துரும், என்வலப்னு யாரும் தனியா எழுத மாட்டாங்க, எழுதலன்னாலும் அது இருக்கு.

என் டிராயிங்ல அந்த வட்டத்துக்குள்ள ஈ இருந்துச்சு. 25க்குப் பக்கத்துலயே, சின்னதா. நான் பார்த்தேன், ஆனா படிக்கல.

அடுத்தது வடிவப் பிழை. உருண்டைத் தன்மைக்குன்னு தனியா ஒரு குறி ரெண்டு ஸ்டாண்டர்டுலயும் கிடையாது. சர்ஃபேஸ் ப்ரொஃபைல் குறி (பரப்பு முழுசும் எவ்வளவு விலகலாம்னு சொல்றது) போட்டிருப்பாங்க, இல்லன்னா ரவுண்ட்னெஸ் குறி போட்டிருப்பாங்க. ரவுண்ட்னெஸ்னா பந்தோட மையம் வழியா போற எந்த வெட்டுலயும் அந்த வட்டம் சரியா இருக்கணும்னு அர்த்தம், ஈக்வேட்டர்ல மட்டும் ஒரு சுத்து அளந்துட்டு முடிஞ்சுதுன்னு சொல்லக் கூடாது. ஐஎஸ்ஓ 1101 படி வடிவப் பிழைக்கு டிஃபால்ட் மினிமம் ஸோன் (அது என்னன்னு கீழ 2ல சொல்றேன்).

டைட்டில் பிளாக்ல ரெண்டு ஸ்டாண்டர்டும் எழுதியிருக்கிற டிராயிங்கும் வரும், பழைய டிராயிங்ல இருந்து காப்பி பண்ணி ஒண்ணுமே எழுதாத டிராயிங்கும் வரும். அப்போ நீங்களா ஊகிக்காதீங்க. மெயில் போடுங்க, மூணே கேள்வி: எந்த ஸ்டாண்டர்ட், எந்த வருஷ பதிப்பு; விட்டத்துக்கு எந்த ஃபிட்; வடிவப் பிழைக்கு எந்த ஃபிட், ஃபில்டர் உண்டா. போன்ல கேட்டா பதில் சீக்கிரம் வரும், ஆனா சண்டை வர்ற அன்னிக்கு போன் பேச்சு சாட்சிக்கு வராது. பதில் வர ரெண்டு நாள் ஆனாலும் காத்திருங்க.

2. அந்த பந்து என்ன வேலை செய்யப் போகுதுன்னு கேளுங்க

டிராயிங் தெளிவா சொன்னா அதோட முடிஞ்சுது, நம்ம அபிப்பிராயத்துக்கு அங்க இடம் இல்ல. டிராயிங் சொல்லாத இடத்துலயும், டிராயிங்கே இல்லாம "இதை அளந்து குடு"ன்னு பீஸை கையில திணிக்கிற இடத்துலயும் தான் வேலையை வச்சு ஃபிட் எடுக்கணும்.

லீஸ்ட் ஸ்கொயர்ஸ்: எல்லா பாயிண்டையும் சமமா மதிச்சு நடுவுல ஒரு கோளம் போடும். மையம் எங்க இருக்குன்னு தெரியணும்னா இது தான் வேணும். டூலிங் பால், ரெஃபரன்ஸ் பால், ரெண்டு பந்துக்கு நடு தூரம், தினமும் ப்ராசஸ் எப்படி நகருதுன்னு சார்ட் போடறது, இதுக்கெல்லாம் வேற யோசனையே வேணாம். திருப்பித் திருப்பி அளந்தாலும் ஒரே மாதிரி வரும். ஆனா அது சொல்ற விட்டம் சராசரி, அந்த அளவுல ஓட்டை போட்டா பந்து உள்ள போகும்னு அர்த்தம் இல்ல.

சுத்தி அடைக்கிற சின்ன கோளம், அதாவது மினிமம் சர்க்கம்ஸ்க்ரைப்ட்: பந்து ஒரு குழிக்குள்ள போய் உட்காரணும், ஒரு துளைக்குள்ள நுழையணும்னா இது. பந்தோட மேடு தான் முதல்ல இடிக்கும், சராசரி இடிக்காது.

உள்ள அடங்குற பெரிய கோளம், அதாவது மேக்ஸிமம் இன்ஸ்க்ரைப்ட்: மேல சொன்னதுக்கு ஜோடி. சாக்கெட்டுக்கு, கப்புக்கு. பந்துக்கு அதைப் போட்டு சாக்கெட்டுக்கு இதைப் போட்டு ரெண்டையும் கழிச்சா தான் உண்மையான கிளியரன்ஸ் வரும். ரெண்டுக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டு கழிச்சா பேப்பர்ல கிளியரன்ஸ் இருக்கும், அசெம்பிளில இறுகும்.

மினிமம் ஸோன்: எல்லா பாயிண்டையும் ரெண்டு ஒரே மைய கோளத்துக்கு நடுவுல, எவ்வளவு ஒல்லியா முடியுமோ அவ்வளவு ஒல்லியா அடைக்கும். சீல் பண்ற பந்து, உருளுற பந்து, வடிவப் பிழை எவ்வளவுன்னு ஒரு நம்பர் வேணும்னா இது. விட்டம் சொல்றதுக்கு இதை எடுக்காதீங்க, டிராயிங்ல ஜிசின்னு கேட்டிருந்தா தவிர.

இங்க ஒரு குறுக்கு வழி இருக்கு. வடிவப் பிழையை லீஸ்ட் ஸ்கொயர்ஸ் மையத்துல இருந்து கணக்குப் போட்டா வர்ற நம்பர், அதே பாயிண்டுக்கு மினிமம் ஸோன் குடுக்குற நம்பரை விட ஒருநாளும் குறையாது, ஒண்ணு சமமா இருக்கும் இல்ல அதிகமா இருக்கும். அதனால லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல பாஸ் ஆனா மினிமம் ஸோன்லயும் பாஸ் தான். ஃபெயில் ஆனா மட்டும் மினிமம் ஸோன் போட்டுப் பாருங்க.

இப்போ என் பந்துக்கு வருவோம். அது சென்டர்லெஸ் கிரைண்டிங்ல (பீஸை மையத்துல பிடிக்காம அரைக்கிறது) வந்தது, அங்க ஒற்றைப்படை லோப் (வட்டத்தைச் சுத்தி வர்ற மேடு) வர்றது சகஜம், இதுல 3 லோப். சராசரில இருந்து 3 மைக்ரான் (0.003 மிமீ) மேடு, 3 மைக்ரான் பள்ளம். மூணு மேடுக்கு நேர் எதிர்ல எப்பவும் ஒரு பள்ளம் இருக்கும், அதனால மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் பிடிச்சாலும் மேடும் பள்ளமும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு 24.998 தான் காட்டும். லீஸ்ட் ஸ்கொயர்ஸும் சராசரி எடுக்கறதால அதே 24.998. ஆனா சுத்தி அடைக்கிற கோளம் மூணு மேட்டையும் தொட்டுக்கிட்டு நிக்கும், ஆரத்துல 3 மைக்ரான் கூட, விட்டத்துல 6, ஆக 25.004. மைக்ரோமீட்டரும் சிஎம்எம்மும் ஒத்துப் போச்சேன்னு நான் சந்தோஷப்பட்டதே தப்பு, ரெண்டும் ஒரே விஷயத்துல குருடு.

3. கோளம் எவ்வளவு கைக்கு எட்டுதுன்னு பாருங்க, நிறைய பேர் கோட்டை விடறது இங்க தான்

முழு பந்தோ, பாதிக்கு மேல எட்டற பந்தோ இருந்தா மேல சொன்ன நாலு ஃபிட்டும் ஒழுங்கா வேலை செய்யும். ஒரு முனையில கொஞ்சமா உருண்டையா இருக்கிற பீஸ், லென்ஸ் மாதிரி மேல் மூடி மட்டும் இருக்கிற பீஸ் வந்தா கதையே வேற.

10 மிமீ ஆரம் உள்ள கோளத்துல உச்சியில இருந்து 30 டிகிரி வரைக்கும் மட்டும் எட்டுதுன்னு வைங்க. அந்த மூடியோட விளிம்பு வட்டத்தோட ஆரம் 5 மிமீ, உயரம் வெறும் 1.34 மிமீ. இதுக்கு மினிமம் சர்க்கம்ஸ்க்ரைப்ட் போட்டா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்? எல்லா பாயிண்டையும் அடைக்கிற மிகச் சின்ன கோளம் தேடும். விளிம்பு வட்டத்தையே நடு வட்டமா வச்சு 5 மிமீ ஆரத்துல ஒரு கோளம் போட்டா எல்லா பாயிண்டும் உள்ள அடங்கிடும். ஆக 20 மிமீ விட்டத்துக்கு 10 மிமீன்னு ரிப்போர்ட் வரும். சாஃப்ட்வேர் தப்பு பண்ணல, நீங்க கேட்ட கேள்விக்கு சரியான பதில் அது. இவ்வளவு பெரிய தப்புன்னா கண்ணுல பட்டுரும், 85 டிகிரி வரைக்கும் எட்டற பீஸ்ல தப்பு சின்னதா ஒளிஞ்சுக்கும், அது தான் ஆபத்து.

சாக்கெட்டுக்கு நேர் எதிர். பாதிக்குக் கம்மியான குழில மேக்ஸிமம் இன்ஸ்க்ரைப்ட் போட்டா கோளம் வாய் வழியா மேல நழுவி வளர்ந்துக்கிட்டே போகும், கணக்கு முடியாது. சில சாஃப்ட்வேர் எரர் சொல்லும், சிலது ஏதோ ஒரு நம்பரைத் துப்பும்.

சரி, மூடிக்கு லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டா? கணக்கு முடியும், ஆனா ஆரம் ஆடும். உயரத்துல 2 மைக்ரான் பிழை இருந்தா ஆரத்துல எவ்வளவு பிழை வரும்னு நானே கையால கணக்குப் போட்டு வச்சிருக்கேன். உச்சியில இருந்து 90 டிகிரி எட்டினா ஒண்ணும் இல்ல. 45 டிகிரின்னா 4.8 மைக்ரான். 30 டிகிரின்னா 13 மைக்ரான். 15 டிகிரின்னா 57 மைக்ரான்! இது கோளம் பெருசா சின்னதான்னு பார்க்காது, கோணம் மட்டும் தான் கணக்கு, கோணத்தோட கொசைனை ஒண்ணுல இருந்து அந்தக் கொசைனைக் கழிச்சதால வகுத்தா அந்தப் பெருக்கம் வந்துரும், கால்குலேட்டர்ல பத்து செகண்ட் வேலை. உங்க மெஷின் எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் 15 டிகிரி மூடியில ஆரத்துக்கு 20 மைக்ரான் டாலரன்ஸ் குடுத்திருந்தா, அதை அளக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துருங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

அப்போ என்ன பண்றது? ஆரத்தை டிராயிங் மதிப்புல பூட்டி வச்சுட்டு மையத்தை மட்டும் ஃபிட் பண்ணுங்க, அப்புறம் ஒவ்வொரு பாயிண்டும் அந்த கோளத்துல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு ப்ரொஃபைலா ரிப்போர்ட் பண்ணுங்க. டிராயிங்ல ப்ரொஃபைல் குறியோட டேட்டமும் (எங்க இருந்து அளக்கணும்னு சொல்ற ஆதாரப் பரப்பு) குடுத்திருந்தா மையத்தைக் கூட ஃபிட் பண்ணக் கூடாது. டேட்டத்துல அலைன் பண்ணி நேரா விலகலைப் பாருங்க. இந்த இடத்துல பெஸ்ட் ஃபிட் போட்டா பீஸ் 50 மைக்ரான் தள்ளி இருந்தாலும் ஃபிட் அதைத் தூக்கி சரியான இடத்துல வச்சுட்டு எல்லாம் பச்சையா காட்டும். பச்சையைப் பார்த்து பாஸ் போட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

4. பாயிண்ட் எத்தனை, எங்கெங்க

கோளத்துக்கு நாலு தெரியாத எண், மையத்துக்கு மூணு, ஆரத்துக்கு ஒண்ணு. அதனால நாலு பாயிண்ட் இருந்தா கோளம் வந்துரும், வடிவப் பிழை ஜீரோன்னு காட்டும். அந்த ஜீரோவை ரிப்போர்ட்ல போட்டு அனுப்பினவங்களும் உண்டு.

பாயிண்ட் கம்மியானா என்ன ஆகும்னு என் 3 லோப் பந்தையே வச்சு சொல்றேன். ஈக்வேட்டர்ல 90 டிகிரிக்கு ஒண்ணா 4 பாயிண்ட், முதல் பாயிண்ட் ஒரு மேட்டுல விழுந்துச்சுன்னு வைங்க. பிளஸ் 3, ஜீரோ, மைனஸ் 3, ஜீரோன்னு வரும். இது அப்படியே 3 மைக்ரான் மையம் நகர்ந்த வட்டத்தோட உருவம். சாஃப்ட்வேர் மையத்தை 3 மைக்ரான் நகர்த்திட்டு வட்டம் சுத்தமா இருக்குன்னு சொல்லும். ஆக ஃபார்ம் பிழை காணாமப் போச்சு, பொசிஷன் பிழை முளைச்சுருச்சு, ரெண்டுமே பொய்.

எனக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தெரியலன்னா நான் ஐஎஸ்ஓ 10360-5ல மெஷினை சோதிக்க சொல்ற 25 பாயிண்ட் அமைப்புல ஆரம்பிப்பேன். உச்சியில 1, 22.5 டிகிரி கீழ 4, 45 டிகிரில 8, 67.5ல 4, ஈக்வேட்டர்ல 8, ஒவ்வொரு வளையத்தையும் முன்னாடி வளையத்துல இருந்து 22.5 டிகிரி திருப்பி வைக்கணும். அரைக்கோளத்தை நல்லா மூடிடும். மையத்துக்கும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் விட்டத்துக்கும் இது போதும். வடிவப் பிழைக்கும் சுத்தி அடைக்கிற கோளத்துக்கும் இது பத்தாது, அதுக்கு ஸ்கேனிங் போங்க, இல்லன்னா ஈக்வேட்டர்லயும் ரெண்டு நெடுக்கு வட்டத்துலயும் நெருக்கமா பாயிண்ட் எடுங்க.

ஸ்கேனிங்லயும் ஒரு பொறி இருக்கு. உச்சி வழியா போற நெடுக்கு வட்டமா பத்து எடுத்தா எல்லாம் உச்சியில போய் கூடும், அங்க பாயிண்ட் குவியும், ஈக்வேட்டர்ல இடைவெளி விழும். லீஸ்ட் ஸ்கொயர்ஸ் பாயிண்ட் எண்ணிக்கையைத் தான் மதிக்கும், பரப்பளவை மதிக்காது, அதனால உச்சியில உள்ள சின்னப் பள்ளம் கூட மொத்த ஃபிட்டையும் இழுக்கும். பாயிண்ட் பரவல் சமமா இருக்கணும்.

நேரம் எவ்வளவு ஆகும்? என் மெஷின்ல டச் பாயிண்ட் ஒண்ணுக்கு 2, 3 செகண்ட், 25 பாயிண்ட் ஒரு நிமிஷத்துக்குப் பக்கம். மூணு வட்டம் ஸ்கேன் பண்ணினாலும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள. நேரம் தின்றது இது இல்ல, அடுத்த படி தான்.

5. துடைக்கிறது, ஆற வைக்கிறது, ஸ்டைலஸ்

தூசி ஏன் முக்கியம்னு நம்பர்ல பாருங்க. முழு பந்துல சமமா 50 பாயிண்ட், அதுல ஒண்ணு மட்டும் 10 மைக்ரான் தூசி மேல விழுந்துருச்சு. லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல விட்டம் 0.4 மைக்ரான் கூடும், மையம் 0.6 மைக்ரான் நகரும், யாருக்கும் தெரியாது. சுத்தி அடைக்கிற கோளத்துல விட்டம் 10 மைக்ரான் கூடும், மையம் 5 மைக்ரான் நகரும், நல்ல பீஸ் ரிஜெக்ட். அதனால லீஸ்ட் ஸ்கொயர்ஸ் தவிர வேற எந்த ஃபிட் போட்டாலும் பீஸையும் ஸ்டைலஸ் (பீஸைத் தொடற ஊசி) டிப்பையும் நார் விடாத துணியில துடைச்சுட்டு தான் ஆரம்பிக்கணும், துடைச்ச பிறகு விரலால தொடக் கூடாது.

வெப்பம். அளவு எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குத் தான். ஸ்டீல் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டே பேசிட்டு இருந்து அது 3 டிகிரி ஏறினா 25 மிமீல கிட்டத்தட்ட 0.9 மைக்ரான் பெருசாயிடும். 50 மிமீ பந்து மெஷின் ஷாப்ல இருந்து 5 டிகிரி சூடா வந்தா 2.9 மைக்ரான். நான் சின்ன பந்துகளை கிரானைட் மேல ஒரு மணி நேரமாவது வைப்பேன், 100 மிமீக்கு மேலன்னா முதல் நாள் சாயந்திரமே உள்ள வச்சுட்டுப் போயிருவேன். "அவசரம், இப்பவே அளந்து குடு"ன்னு நிப்பாங்க, சிரிச்சுக்கிட்டே டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிருங்க.

ஸ்டைலஸ் விஷயத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன். நேர் ஸ்டைலஸை மேல இருந்து இறக்கி ஈக்வேட்டர் தாண்டி கீழ தொடப் போனா டிப்புக்குப் பதிலா தண்டு பந்துல உரசும், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பாயிண்டா எடுத்துக்கும். அங்க ஸ்டார் ஸ்டைலஸ் போடுங்க இல்ல ஹெட்டைத் திருப்புங்க. இன்னொண்ணு, அலுமினியத்தை ரூபி டிப்ல நீளமா ஸ்கேன் பண்ணினா அலுமினியம் டிப்ல ஒட்டிக்கும், அதுக்கு சிலிக்கான் நைட்ரைட் டிப் வாங்குங்க. வார்ப்பிரும்பு ஸ்கேனிங்னா ஸிர்கோனியா. டிப்பை மாத்தினாலும் ஹெட் கோணத்தை மாத்தினாலும் குவாலிஃபை பண்ணாம (ரெஃபரன்ஸ் பாலைத் தொட்டு டிப் அளவை மெஷினுக்குச் சொல்லாம) ஆரம்பிக்காதீங்க.

6. ஃபில்டரும் அவுட்லயரும்

ஸ்கேன் டேட்டாவை அப்படியே மினிமம் ஸோனுக்கோ சுத்தி அடைக்கிற கோளத்துக்கோ குடுத்தா சர்ஃபேஸ் கரடுமுரடு, மெஷின் அதிர்வு எல்லாம் உள்ள வந்துரும். ஃபில்டர் போடணும், ஆனா எந்த கட்ஆஃப்னு எழுதி வைக்கணும். ஒரு சுத்துக்கு 50 அலைன்னு போட்டா (அதை விட நெருக்கமான அலையை வடிகட்டும்) ஒரு நம்பர் வரும், 15ன்னு போட்டா அதை விட அழகான நம்பர் வரும். அழகான நம்பருக்காக ஃபில்டரை இறக்கறது என்னைப் பொறுத்தவரைக்கும் திருட்டு தான்.

அவுட்லயர் (மத்ததுல இருந்து ஒதுங்கி நிக்கிற பாயிண்ட்) நீக்குற பட்டனை ஆட்டோமேட்டிக்ல விடாதீங்க. அது தூக்கி எறிஞ்ச பாயிண்ட் தூசியா இருக்கலாம், நிஜமான பர்ராவும் (உலோகப் பிசிறு) இருக்கலாம். துடைச்சுட்டு அதே இடத்துல மறுபடி தொடுங்க. போயிடுச்சுன்னா தூசி. அங்கயே இருந்துச்சுன்னா பீஸ்ல இருக்கு, அதை நீக்க உங்களுக்கு உரிமை இல்ல.

7. மாஸ்டர் பாலை வச்சு உங்க மெஷினை முதல்ல கேளுங்க

இதை யாரும் எனக்கு சொல்லித் தரல, லாட் திரும்பி வந்த பிறகு தான் கத்துக்கிட்டேன். சர்டிஃபிகேட் உள்ள ஒரு மாஸ்டர் பாலை, உங்க பீஸ் அளவுக்குப் பக்கமா இருக்கிறதா பார்த்து எடுத்துக்கோங்க. பீஸை எந்த ப்ரோக்ராம்ல, எந்த ஸ்டைலஸ்ல, எத்தனை பாயிண்ட்ல அளப்பீங்களோ அதே மாதிரி அளங்க. ஒரே டேட்டாவுக்கு நாலு ஃபிட்டும் போடுங்க.

நல்ல பந்தோட வடிவப் பிழை மைக்ரான்ல சின்ன பின்னம் தான், ஐஎஸ்ஓ 3290 படி கிரேடு 5 பந்துக்கே 0.13 மைக்ரான் தான் அனுமதி. ஆக நாலு விட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். சுத்தி அடைக்கிற விட்டம் லீஸ்ட் ஸ்கொயர்ஸை விட 3 மைக்ரான் பெருசா வந்தா அந்த 3 மைக்ரான் பந்துல இல்ல, உங்க ப்ரோப்லயும் மெஷின்லயும் இருக்கு. நாளைக்கு பீஸை அளக்கும் போதும் அதே 3 மைக்ரான் உங்க தலையில ஏறும். ஸ்கேன் பாயிண்டைக் கூட்டக் கூட்ட இந்தப் பெருக்கம் ஏறுமே தவிர இறங்காது, ஏன்னா அந்த கோளம் சராசரி பார்க்காது, வெளிய நிக்கிற பாயிண்டை மட்டும் தான் பார்க்கும். இதே மாஸ்டரை வேற வேற நாள்ல இருபது தடவை அளந்து வச்சீங்கன்னா ஐஎஸ்ஓ 15530-3 சொல்ற வழியில அன்சர்டன்ட்டி (அளந்த நம்பர் எவ்வளவு தள்ளி இருக்கலாம்ங்கிற பிளஸ் மைனஸ்) கணக்குக்கு அதுவே பெரிய பங்கு.

முழு பந்துக்கு இன்னொரு சுலபமான சோதனை, உள்ள அடங்குற விட்டம், லீஸ்ட் ஸ்கொயர்ஸ் விட்டம், சுத்தி அடைக்கிற விட்டம், இந்த வரிசையில ஏறணும். வரிசை மாறி வந்தா ஒண்ணு உங்க பாயிண்ட் பரவல் தப்பு, இல்லன்னா மெனுவுல பேர் குழம்பிட்டீங்க. சில சாஃப்ட்வேர்ல உள் தொடுகோளம், வெளி தொடுகோளம்னு பேர் வச்சிருப்பாங்க, உள்னா பீஸுக்கு உள்ளயா மெட்டீரியலுக்கு உள்ளயான்னு ஒரு தடவையாவது குழம்பாம யாரும் இருந்தது இல்ல.

8. ரிப்போர்ட்ல என்ன எழுதணும், ஃபைல்ல என்ன வைக்கணும்

விட்டம் 24.998ன்னு மட்டும் எழுதின ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். அதே வரியில ஃபிட் பேர், பாயிண்ட் எண்ணிக்கை, எந்த கோணம் வரைக்கும் எடுத்தது, ஃபில்டர் கட்ஆஃப், ஸ்டைலஸ் டிப் அளவு, பீஸ் வெப்பநிலை, அன்சர்டன்ட்டி எல்லாம் வரணும். டெம்ப்ளேட்ல ஒரு தடவை சேர்த்துட்டா அப்புறம் தானா வரும், எனக்கு அதுக்கு ஒரு மதிய நேரம் ஆச்சு.

கூட வைக்க வேண்டிய பேப்பர்: ரிவிஷன் நம்பரோட டிராயிங், அந்த மூணு கேள்வி மெயிலும் பதிலும், மாஸ்டர் பால் சர்டிஃபிகேட், மெஷினோட கடைசி ஐஎஸ்ஓ 10360 சோதனை ரிப்போர்ட், அன்னிக்கு குவாலிஃபை பண்ண ஸ்டைலஸ் ரிசல்ட். எல்லாத்தையும் விட முக்கியமா, ஃபிட் பண்றதுக்கு முன்னாடி உள்ள பாயிண்ட் ஃபைல். பீஸ் போயிட்டாலும் பாயிண்ட் இருந்தா எந்த ஃபிட்டையும் எப்ப வேணா போட்டுக்கலாம். அன்னிக்கு வாங்கினவங்க அந்த ஃபைலைக் குடுக்கலன்னா நான் இன்னும் அவங்க மெஷினைத் தான் திட்டிக்கிட்டு இருப்பேன்.

ரிசல்ட் எல்லைக்கு ஒட்டி வந்தா ஐஎஸ்ஓ 14253-1 கணக்கு நினைவுல இருக்கட்டும். வேற ஒப்பந்தம் இல்லன்னா, சரின்னு நிரூபிக்க வேண்டிய சப்ளையர் தன் அன்சர்டன்ட்டிக்குத் தகுந்த ஓரத்தை டாலரன்ஸ்ல இருந்து உள்பக்கமா கழிச்சுக்கணும், தப்புன்னு நிரூபிக்க வேண்டிய வாங்குறவர் வெளிப்பக்கமா கூட்டிக்கணும். மேல் எல்லை 25.000, உங்க அன்சர்டன்ட்டி 1.5 மைக்ரான், அதை முழுசா கழிக்கிறீங்கன்னா, சுத்தி அடைக்கிற விட்டம் 24.9985 தாண்டினதும் கையெழுத்துப் போடாம நிறுத்திட்டு டிசைன் ஆளைக் கூப்பிடுங்க. அந்த போன் பேசினதும் மறக்காம ஒரு மெயில்.